லொறிக்குப் புது பிளக் வாங்குமுன் பழைய பிளக்கைப் பாருங்கள்

வந்த கேள்வி இது: டவுன்ஏஸ் லொறி, காபரேட்டர் போட்ட 7கே பெற்றோல் என்ஜின். கிழமை நாட்களில் வெள்ளவத்தைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே சாமான் ஏற்றுகிறது, கிழமைக்கு ஒருமுறை கண்டிக்கும் போய் வருகிறது. புது பிளக் போட்டு மூன்று மாதம் ஆகுமுன்னே நான்கும் கறுத்துவிடுகின்றன, கடுகண்ணாவை ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது. பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் 'சூடு கூடின' பிளக் போடச் சொல்கிறார், அடுத்த கடைக்காரர் இரிடியம் போடச் சொல்கிறார். எதை வாங்குவது, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கைநூலில் உங்கள் என்ஜினுக்குக் கொடுத்திருக்கும் அதே இலக்கத்தில் சாதாரண நிக்கல் பிளக் நான்கு போதும். அதையும் பழைய நான்கைக் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என்ற வரிசை குலையாமல் மேசையில் வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். நீங்கள் எழுதிய ஓட்டத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது.

பிளக்கின் மூக்கு, அதாவது நடுக் கம்பியைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பீங்கான், சுமார் 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 பாகை அளவைத் தாண்டினால் அந்த மூக்கே நெருப்புத் துண்டாகி, பொறி விழுமுன்னே பெற்றோல் கலவையைக் கொளுத்திவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் பிளக் வேலை செய்ய வேண்டும். காலி வீதி நெரிசலில் முதலாம் இரண்டாம் கியரில் ஊர்ந்து, புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில் ஸ்டார்ட்டில் நிறுத்தி வைத்துச் சாமான் ஏற்றும் லொறியில் மூக்கு கீழ் எல்லைக்கு எட்டாமல் கிடப்பது இயல்பு, அதனால் கரி படியும். ஆனால் அதே லொறி கிழமைக்கு ஒருமுறை பாரத்தோடு கண்டி ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் மூக்கு நன்றாகச் சூடேறி, நகர ஓட்டத்தில் சேர்ந்த கரியை எரித்திருக்க வேண்டும். அப்படியும் மூன்று மாதத்தில் கறுக்கிறது என்றால் பிளக் போதிய சூடேறாத வகை என்பது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அளவுக்கு மீறிய பெற்றோலோ எஞ்சின் ஒயிலோ உள்ளே வருகிறது.

சூடு கூடின பிளக்கை நான் மறுப்பதும் இதனால்தான். ஒரு படி மாற்றினாலே மூக்கின் வெப்பம் 70 முதல் 100 பாகை வரை கூடும். காலி வீதியில் அது வெள்ளையாக, அழகாக இருக்கும். கடுகண்ணாவையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏறும்போது அதே மூக்கு மேல் எல்லையைத் தாண்டலாம். முன்கூட்டியே தீப்பிடிப்பது நிமிடக் கணக்கில் தொடர்ந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பிளக் செலவை மிச்சம் பிடிக்கப் போய் என்ஜினை இறக்க வேண்டி வரும். 'சூட்டுப் பிளக்' என்றால் பொறி சூடாக விழும் என்ற எண்ணமும் தவறு. மூக்கு வாங்கிய வெப்பத்தை சிலிண்டர் ஹெட்டுக்கு எவ்வளவு மெதுவாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே அந்தச் சொல் குறிக்கிறது.

பழைய பிளக்கை எப்படிப் பார்ப்பது? வெறும் 'கறுப்பு' என்ற சொல் போதாது. விரலால் தொட்டுப் பாருங்கள். சட்டிக் கரிபோல உலர்ந்து, மென்மையாக, விரலில் ஒட்டினால் அது பெற்றோல் கரி. கறுத்து, ஈரமாக, பளபளத்து, துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது எஞ்சின் ஒயில். மெல்லிய மண் நிறமோ சாம்பல் நிறமோ இருந்தால் எல்லாம் சரி. பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகி, சின்னச் சின்னக் கொப்புளங்களோ உருகிய துளிகளோ இருந்தால் கலவையில் பெற்றோல் குறைவு, அல்லது டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னுக்கு ஏறியிருக்கிறது, அல்லது பிளக் சூடு கூடியது. மூன்று பிளக் மண் நிறத்தில் இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல வெள்ளையாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

பீங்கானின் வெளிப்பக்கத்தில், உலோக உடல் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, காப்பி நிறத்தில் ஒரு வளையம் தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு 'காஸ் லீக்' என்று பிளக்கை எறிகிறவர்கள் உண்டு. அது உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்ட வைத்த கறை, கெடுதல் இல்லை. ஆனால் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு இருந்தால் மின்சாரம் வெளிப்புறமாகவே உடலுக்குப் பாய்கிறது என்று பொருள். அப்போது பிளக்கோடு அதன் வயர் ரப்பர் தொப்பியையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் உள்ள கோடு புதியதிலும் வழி போட்டுவிடும்.

உங்கள் லொறியில் நான்குமே கறுக்கின்றன என்கிறீர்கள். உலர்ந்த கறுப்பாக இருந்தால் நான்குக்கும் பொதுவானதில் பிழை. முதலில் எயர் பில்டர்: புறக்கோட்டைத் தூசியில் அது எதிர்பார்ப்பதைவிட விரைவாக அடைக்கும். அடுத்து சோக், அதாவது குளிர்ந்த என்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் தகடு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பில்டர் மூடியைத் திறந்து பாருங்கள், சோக் தகடு செங்குத்தாக, முழுவதும் திறந்து நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் பெற்றோல் நாள் முழுவதும் கூடப் போகிறது. அடுத்து காபரேட்டருக்குள் பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டமும் அதன் ஊசி வால்வும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று தேமஸ்டாட் வால்வு, அதாவது என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு. வெக்கை ஊர்தானே, எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் கொழும்பில் இன்னும் இருக்கிறது. அதுவில்லாத என்ஜின் நகர ஓட்டத்தில் தன் வேலை வெப்பத்துக்கு வர நெடுநேரம் எடுக்கும், சில நாட்களில் வராமலே போகும். குளிர்ந்த என்ஜினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. தானியங்கி சோக் இருந்தால் அது திறக்கவும் தாமதிக்கும். இன்ஜெக்ஷன் வைத்த 7கே-ஈ போன்றவற்றில் கணினி 'என்ஜின் இன்னும் குளிர்' என்று நினைத்துக் கூடுதல் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். பிளக் கறுப்பதற்கும் பெற்றோல் கூடக் குடிப்பதற்கும் ஒரே வால்வு காரணமாக இருந்துவிடுகிறது. சூடு காட்டும் முள் எப்போதும் கீழேயே கிடந்தால் இதை முதலில் பாருங்கள்.

ஈரமான ஒயில் கறுப்பு என்றால் வேலை பெரிது. வால்வ் சீல் தேய்ந்ததா, பிஸ்டன் ரிங் தேய்ந்ததா என்று பிரித்தறிய கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். என்ஜினைச் சூடாக்கி, சற்று ஆறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி, கொயில் இணைப்பைத் துண்டித்து, ஒவ்வொரு பிளக் குழியிலும் கம்ப்ரஷன் கேஜைப் பூட்டி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒருமுறை நீலப் புகை வந்து பிறகு நின்றுவிடுமானால் வால்வ் சீல்.

ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிப்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் இடைவெளியைத் தாண்ட பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கறுத்த பீங்கான் வழியே மின்சாரம் உடலுக்கு ஒழுகிப் போகும். மெதுவாக ஓடும்போது ஒழுகியது போக மிச்சம் போதும், ஏற்றத்தில் போதாது. பழைய பிளக் வயரும் வெடித்த டிஸ்ட்ரிபியூட்டர் கப்பும் இதே அறிகுறியைத்தான் தரும். அதனால் பிளக் மாற்றும்போது வயரையும் மல்டிமீற்றரால் அளந்துவிடுங்கள். ஒரு வயரில் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் மாற்ற வேண்டும். இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில் என்ஜினை ஓடவிட்டு, வயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலப் பொறி ஓடும் இடம் தானே தெரியும். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கடலோரத்தில் நிறுத்தும் லொறிகளில் வயர் முனைகளில் பச்சைக் கறல் பிடித்திருப்பதும் வழக்கம், அதையும் பாருங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் புது பிளக். கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் இலக்கத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். என்ஜிகே தயாரிப்பில் பி-கே-ஆர்-6-ஈ-11 என்பதை வாசிக்கப் பழகுவதற்காக எடுத்துக்கொள்வோம், உங்கள் என்ஜினுக்கு உரிய இலக்கம் என்பதற்காக அல்ல. முதல் இரண்டு எழுத்தும் 14 மில்லிமீற்றர் புரி, 16 மில்லிமீற்றர் ஸ்பானர் அளவு என்கின்றன. ஆர் என்றால் உள்ளே மின்தடை இருக்கிறது, ரேடியோ இரைச்சலையும் மின்னணுப் பாகங்களில் குழப்பத்தையும் அது தடுக்கும். 6 என்பது வெப்ப எண், பிளக் எவ்வளவு சூட்டு வகை என்பதை அது காட்டும். ஈ என்றால் புரி நீளம் 19 மில்லிமீற்றர். 11 என்றால் தொழிற்சாலையில் 1.1 மில்லிமீற்றர் இடைவெளி வைத்திருக்கிறார்கள். டென்சோவில் கே-20-பி-ஆர்-யு-11 என்று வரும்போது 20 வெப்ப எண், ஆர் தடை, யு என்பது வெளிக் கம்பியில் உள்ள பள்ளம், 11 இடைவெளி.

வெப்ப எண்ணில் கடைகளில் அதிகம் குழம்புகிறார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்த வகை. பொஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடக்கூடச் சூடு கூடின வகை. என்ஜிகே 5 ஏறக்குறைய டென்சோ 16, 6 என்றால் 20, 7 என்றால் 22. 'நம்பர் ஒன்றுதான், கம்பனிதான் வேறு' என்று தருவதை ஒப்பீட்டு அட்டவணை பார்க்காமல் வாங்காதீர்கள்.

வெப்ப எண்ணைவிட ஆபத்தானது புரி நீளம். நீளம் கூடிய பிளக் பிஸ்டனில் முட்டலாம். முட்டாவிட்டாலும் எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புரியில் கரி இறுகி, கழற்றும்போது ஹெட்டின் புரியையும் இழுத்துக்கொண்டு வரும். நீளம் குறைந்தால் ஹெட்டில் வெறுமையாக இருக்கும் புரியில் கரி நிரம்பி, பிறகு சரியான பிளக்கே இறங்காது. ஆசனமும், அதாவது பிளக் ஹெட்டில் அமரும் பகுதியும், பொருந்த வேண்டும். வளையம் வைத்த தட்டை ஆசனத்துக்குக் கூம்பு ஆசனப் பிளக்கைப் போட்டால் காஸ் கசியும். பழைய வளையம் ஹெட்டிலேயே ஒட்டிக் கிடக்க அதன்மேல் புதியதைப் பூட்டுவதும் நடக்கிறது. ஒரு கைவிளக்கு அடித்துக் குழிக்குள் பார்த்தால் போதும்.

இரிடியம் நல்ல பொருள்தான். நிக்கல் 1455 பாகையில் உருகும், இரிடியம் 2446 பாகையில். அதனால் நடுக் கம்பியை 0.4, 0.6 மில்லிமீற்றர் வரை மெல்லியதாக்கலாம், பொறி குறைந்த மின்னழுத்தத்தில் விழும். ஆனால் பெட்டியில் இரிடியம் என்று இருந்தால் 1 இலட்சம் கிலோமீற்றர் ஓடும் என்று எண்ண வேண்டாம். நடுக் கம்பியில் இரிடியமும் வெளிக் கம்பியில் பிளாட்டினமும் இரண்டுமே இருந்தால்தான் அந்த ஆயுள். நடுவில் மட்டும் இரிடியம் போட்டவற்றில் வெளிக் கம்பி சாதாரண நிக்கல் வேகத்திலேயே தேயும். ஒரு கொயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் அமைப்பில் பாதிப் பிளக்குகளில் மின்சாரம் எதிர்த் திசையில் பாய்வதால் அங்கே வெளிக் கம்பி இன்னும் கூடத் தேயும். உங்கள் 7கேயில் பிளக்குகள் கையெட்டும் இடத்தில் இருக்கின்றன, சீற்றைத் தூக்கினால் போதும். கரியின் காரணம் தீராதவரை விலை கூடிய இரிடியமும் நிக்கலைப் போலவே கறுக்கும், அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் முடியாது. நிக்கல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பஞ்சிகாவத்தையில் நல்ல சாமானும் போலியும் ஒரே தெருவில் கிடைக்கும். போலியை விலையைக் கொண்டு மட்டும் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் பாருங்கள். நல்ல பிளக்கில் வெளிக் கம்பி நடுக் கம்பிக்கு நேர் மேலே நிற்கும். புரி வழவழப்பாக உருட்டி எடுக்கப்பட்டிருக்கும், வெட்டின பிசிறு இருக்காது. பீங்கானில் எழுத்து மங்காமல் இருக்கும். ஆசன வளையம் விரலால் திருகினால் சுலபமாகக் கழன்று வரக் கூடாது. ஒரு பெட்டியில் நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மல்டிமீற்றர் இருந்தால் மேல் முனைக்கும் நடுக் கம்பிக்கும் இடையே அளவுங்கள், தடை வைத்த பிளக்கில் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். மேல் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது.

பூட்டும் வேலையை என்ஜின் குளிர்ந்த பிறகு செய்யுங்கள். நல்ல சூட்டில் உள்ள அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கழற்றினால் புரி உரிந்துவிடலாம். முதலில் வயர்களில் ஒட்டுப்பட்டி கட்டி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். இந்த என்ஜினில் தீப்பிடிக்கும் ஒழுங்கு 1-3-4-2, ஒரு வயர் மாறினாலும் பிறகு தலையைப் பிய்க்க வேண்டி வரும். தொப்பியைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கார்பன் இழை அறும். அரைச் சுற்றுத் தளர்த்தியதும் நிறுத்தி, குழியைக் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள். ஒரு மணல் துணிக்கை உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறும். இறுகிப்போன பிளக்கைப் பலவந்தம் பண்ணாமல், ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

இடைவெளியைக் கம்பி வடிவப் பீலர் கேஜால் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் பொயின்ட் வைத்த பழைய அமைப்புகளில் பெரும்பாலும் 0.8, மின்னணு இக்னிஷனில் பெரும்பாலும் 1.0 அல்லது 1.1 மில்லிமீற்றர். கைநூல் சொல்வதே முடிவு. திருத்த வேண்டுமானால் வெளிக் கம்பியை மட்டும் வளையுங்கள், நடுக் கம்பியில் நெம்புகோல் படவே கூடாது. இரிடியம் என்றால் தொடவே வேண்டாம். கீழே விழுந்த பிளக்கைப் பூட்டாதீர்கள், பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம்.

முதல் சுற்றுகள் முழுவதும் கையால். ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் மேல் முனையில் செருகித் திருகினால், புரி கோணலாகப் பிடித்தவுடன் குழாய் வழுக்கும், ஹெட் தப்பும். வளையம் ஆசனத்தில் தொட்டதும் ஸ்பானர் போட்டு, புது பிளக் என்றால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை, பாவித்ததை மறுபடி பூட்டினால் பன்னிரண்டில் ஒரு சுற்று. டொர்க் ரென்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீற்றர் புரிக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், 12 மில்லிமீற்றர் புரிக்கு 15 முதல் 20. கூம்பு ஆசனத்துக்கு ஸ்பானரில் பதினாறில் ஒரு சுற்றே போதும். புரியில் கிறீஸ், ஒயில் பூச வேண்டாம். வழுக்கல் கூடினால் அதே டொர்க் அளவில் பிளக் அளவுக்கு மீறி இறுகும். தளர்ந்த பிளக்கும் கெடுதல்தான், ஹெட்டோடு ஒட்டாத பிளக்கின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் மூக்கு எரிந்து போகும்.

சாதாரண நிக்கல் பிளக்கை 15,000 முதல் 20,000 கிலோமீற்றருக்குள் மாற்றுங்கள். நெரிசலில் கிலோமீற்றர் ஓடாமலே பிளக் தேயும் என்பதால் உங்களுக்கு 15,000 சரி. நடுவில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, ஒயில் மாற்றும் நாளில் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரியைப் பெற்றோலில் நனைத்த மென்மையான நைலோன் தூரிகையால் கழுவி, காற்றடித்து, முற்றாக உலரவிட்டுப் பூட்டலாம். கம்பித் தூரிகை வேண்டாம், அது பீங்கானில் உலோகப் பொடியை விட்டுப் போகும், பிறகு அதன் வழியாகவும் மின்சாரம் ஒழுகும். மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் தீயில் வாட்டுவதும் வேண்டாம். ஒயிலில் ஊறியதைக் கழுவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எவ்ரி, ஹைஜெட் போன்ற 660 சிசி சிறு லொறி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அந்த என்ஜின்கள் அதே தூரத்துக்குக் கூடுதல் தடவை சுற்றுகின்றன, சாதாரணப் பிளக் 7,000 முதல் 10,000 கிலோமீற்றரில் மாற்றப்பட வேண்டும். எல்ஃப், கன்டர், டிமோ பட்டா வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவை டீசல், ஸ்பார்க் பிளக்கே இல்லை. அங்கே இருப்பது ஹீட்டர் பிளக், காலையில் ஸ்டார்ட் எடுக்க மட்டும்.

உங்கள் லொறிக்குத் திரும்பினால், வேலையின் ஒழுங்கு இப்படி: பில்டர், சோக், தேமஸ்டாட், வயர் நான்கையும் பார்த்துத் திருத்துங்கள், புது பிளக் நான்கைப் பூட்டுங்கள், ஒரு கண்டிப் பயணம் போய் வாருங்கள். வந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யுமுன், 1ஆம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மண் நிறம் வந்திருந்தால் பெற்றோல் பக்கத்துப் பிழை தீர்ந்தது. இன்னும் உலர்ந்த கறுப்பு என்றால் காபரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் மெக்கானிக் பாஸிடம் மிதவை மட்டத்தையும் ஊசி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள்.